செத்தது இரண்டு பேர்

1943 ஜனவரி 8ஆம் தேதி, விடிவதற்கு வெகுநேரம் முன்னால், ஸ்காட்லாந்தில் சார்ட்டர்ஹால் என்ற பயிற்சித் தளத்துக்கருகே ஒரு பிளெனிம் விமானம் தரையில் மோதிச் சிதறியது. உள்ளே இருந்தவர்கள் இருவர். ஒருவன் ரிச்சர்ட் ஹிலரி, எழுத்தாளன். மற்றவன் சார்ஜென்ட் ஃபைசன், ரேடார்காரன். எண்பது வருஷங்களுக்கு மேலாகியும் முதல்வனின் சாவைப் பற்றி எழுதித் தீரவில்லை. இரண்டாமவன் அந்த எழுத்துக்களில் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறான். வந்த வாக்கியத்திலேயே செத்தும் போகிறான்.

நம் சின்ன வட்டத்திலும் ஹிலரி ஒரு மோஸ்தராகி வருவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. ‘தேர்ந்தெடுத்த மரணம்’ என்கிறார்கள். ‘இருளுக்குள் தன்னை எழுதிக்கொண்டவன்’ என்கிறார் ஒரு கவிஞர், காபி ஆறிப்போவதைக்கூட கவனிக்காமல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இரவுப் போர் விமானத்தில் செத்தவர்களை நினைவுகூர இதைவிட மோசமான வழி கிடையாது என்பது என் கட்சி.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன் ஹிலரி. அழகன். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. 603ஆம் ஸ்குவாட்ரனில் ஸ்பிட்ஃபயர் ஓட்டினான். 1940 செப்டம்பர் 3 அன்று சுடப்பட்டு, தீப்பற்றிய விமானத்திலிருந்து கடலில் வந்து விழுந்தான். மார்கேட் ஊரின் உயிர்காப்புப் படகு அவனைத் தூக்கியெடுத்தது. முகமும் கைகளும் வெந்துபோயிருந்தன. ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ என்ற சர்ஜன் அவனுக்குப் புதிய இமைகள் வைத்துத் தைத்தார். 1942இல் ‘தி லாஸ்ட் எனிமி’ வெளிவந்து அவனைப் பிரபலமாக்கியது. அந்தப் புகழோடு வீட்டில் இருந்திருக்கலாம். இல்லை, மறுபடி பறப்பேன் என்று நின்றான். விரல்கள் சரியாக மடங்காத ஒருவனை, இரவில் பறக்கும் பயிற்சிக்கு, அதுவும் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு, ஒரு வைத்தியக் குழு அனுமதித்தது. அப்போது அவனுக்கு வயது 23.

மூன்று மாதம் கழித்து, ஸிரில் கானலி நடத்திய ‘ஹொரைஸன்’ பத்திரிகையின் ஏப்ரல் இதழில் ஆர்தர் கோஸ்லர் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு ‘ஒரு தொன்மத்தின் பிறப்பு’. நம் ஏடுகளைப் போலவே சிலருக்காகச் சிலர் நடத்திய ஏடுதான் ஹொரைஸன். எனவே இதில் நமக்கும் ஒரு குடும்பப் பொறுப்பு உண்டு. கோஸ்லர் ஏமாளியல்ல. இத்தனை பேர் செத்திருக்க ஏன் இந்த ஒருவனைச் சுற்றி மட்டும் கதை திரள்கிறது என்று அவரே கேட்கிறார். கேட்டுக்கொண்டே, திரளும் கதைக்குத் தாமும் தீனி போடுகிறார். நெருப்பை ஆராய்கிறேன் என்று சொல்லி விறகு வைப்பவரை என்னவென்று சொல்வது? அவருக்குப் பின் வந்தவர்களிடம் அந்தச் சந்தேகம்கூட இல்லை. விறகு மட்டும் இருக்கிறது.

சரி, ‘தேர்ந்தெடுத்த மரணம்’ என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஃபைசனை யார் கொன்றது? ஒருவன் தன் உள்மனத்தின் கட்டளைக்கேற்ப விமானத்தைத் தரையில் கொண்டு மோதினான் என்றால், அருகில் தன் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவன் என்ன தேர்ந்தெடுத்தான்? இந்தக் கேள்வியை நண்பர்கள் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. உன்னதம் பேசுகிறவர்கள் தங்களை அறியாமலே ஹிலரியைக் கொலைகாரனாக்கிவிடுகிறார்கள். நான் அவனை அதிலிருந்து காப்பாற்ற விரும்புகிறேன். அந்த இரவு அவன் ஒளிவிளக்கு ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தான். தரையிலிருந்து நிலைமை எப்படி என்று கேட்டதற்கு, ஒருமாதிரி இருக்கிறது, சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் பதில் சொன்னதாக அவன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சாகத் தீர்மானித்தவன் பேசுகிற பேச்சா இது? வேலை செய்துகொண்டிருக்கிறவன் பேச்சு. அடிபட்டுத் தேய்ந்த பயிற்சி விமானம், ஜனவரி மாதத்து ஸ்காட்லாந்து வானம், கண் தெரியாத இருட்டு, சுருங்கிய விரல்கள், ‘போகட்டும்’ என்று கையெழுத்திட்ட ஒரு குழு. சார்ட்டர்ஹாலை அங்கிருந்தவர்களே ‘ஸ்லாட்டர்ஹால்’ என்று, கசாப்புக்கூடம் என்று, பெயர் மாற்றிக் கூப்பிட்டார்கள். அந்தக் கேலிப் பெயரில் இருக்கிற விமரிசனம் நம் கவிஞர்களின் நூறு வரியில் இல்லை.

இரவுப் போர் விமானத்தில் இரண்டாவது ஆள் எதற்கு என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதால்தான் இந்த வினை.

1940 செப்டம்பரிலிருந்து 1941 மே வரை ஜெர்மன் குண்டுவிமானங்கள் இரவுதோறும் பிரிட்டிஷ் நகரங்களின்மேல் வந்தன. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாதாரண ஜனங்கள் செத்தார்கள். ஆரம்பத்தில் அந்த விமானங்களைத் தடுக்க வழியே இல்லை. பகலில் வெற்றி பெற்ற விமானிகள் இரவில் குருடர்கள். ப்யூஃபைட்டர் விமானத்தில் வைத்த ரேடார்தான் நிலைமையை மாற்றியது. விமானி முன்னால், தன் கண்ணாடிக் கூண்டில். ரேடார்காரன் வெகு பின்னால், உடற்பகுதியின் நடுவில், தனியாக. அவன் முன்னே இரண்டு சிறிய திரைகள். ஒன்றில் நிற்கிற கோடு எதிரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லும். மற்றதில் கிடக்கிற கோடு மேலா கீழா என்று சொல்லும். கோட்டில் எந்தப் பக்கம் வீக்கம் அதிகம் என்று பார்த்து அவன் ஊகிக்க வேண்டும். தரையிலிருந்து திரும்புகிற எதிரொலி திரையின் மறுகோடியைக் காடுபோல அடைத்துக்கொண்டிருக்கும். பறக்கிற உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்குத்தான் கருவி பார்க்கும். 15,000 அடியில் பறந்தால் மூன்று மைலுக்கும் குறைவு. மிகவும் நெருங்கினாலோ கடைசிச் சில நூறு அடியில் கோடு மறைந்துவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் அவன் வாய் ஓயாமல் பேச வேண்டும். இடது, இன்னும் கொஞ்சம் இடது, அப்படியே, வேகத்தைக் குறை, உனக்கு மேலே இருக்கிறான். முன்னால் இருப்பவன் அந்தக் குரலை நம்பி இருட்டுக்குள் இறங்குவான். ஆரம்ப கால ப்யூஃபைட்டர்களில் பீரங்கிகளின் 60 ரவை கொண்ட கனத்த டிரம்களை, விமானம் புரண்டு திரும்பும்போது, இருட்டில் தடவி மாற்றிப்போடுவதும் அவன் வேலைதான்.

கடைசியில் விமானி எதிரியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். எஞ்சின் புகைவாயின் மங்கலான சிவப்பு, நட்சத்திரங்களை மறைக்கிற ஒரு கருமை. பார்த்த பிறகே சுடலாம். ஏனென்றால் நம்மவனாகவும் இருக்கலாம். ரேடார்காரனுக்கு இது கிடையாது. திரையின் பச்சை வெளிச்சத்திலேயே இருந்த கண் சட்டென்று இருட்டுக்குப் பழகாது. தான் கண்டுபிடித்த ஒன்று எரிந்து விழுவதைத் தலைநிமிர்ந்து பார்த்தாலும் அவனுக்கு மற்றவனைவிடத் தாமதமாகவே தெரியும். அவன் யுத்தம் முழுவதும் இரண்டு கோடுகளின் வீக்கத்தில் நடந்து முடிந்தது. நம் நவீன கவிதைக்காரர்களுக்கு இதைவிட என்ன விஷயம் வேண்டும்? ஆனால் எடுத்துக்கொண்டது ஹிலரியின் முகத்தை.

இரண்டாவது ஆளை மறைத்ததில் இலக்கியம் மட்டும் குற்றவாளியில்லை. அரசாங்கம் முந்திக்கொண்டது. ரேடார் ரகசியம் வெளியே தெரியக்கூடாது. ஆனால் விமானங்கள் விழுவது எல்லோருக்கும் தெரிகிறது. என்ன செய்வது? ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானிக்கு ‘பூனைக்கண்’ கன்னிங்ஹாம் என்று பட்டம் கட்டினார்கள். கேரட் தின்றால் இரவில் கண் தெரியும் என்று பிரசாரம் செய்தார்கள். உலகம் முழுவதும் தாய்மார்கள் இன்னமும் குழந்தைகளுக்கு அந்தப் பொய்யை ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். (விட்டமின் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்குக் கேரட் நல்லது. நல்ல கண்ணைப் பூனைக்கண்ணாக்காது.) கன்னிங்ஹாமுக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. கண்ணைப் புகழ்ந்தால் கருவி மறையும். கருவி மறைந்தால் அதன் முன் உட்கார்ந்தவனும் மறைவான். அது யுத்த காலத் தந்திரம். அதற்கொரு நியாயம் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகும் எழுத்தாளன் அதே பொய்யை அழகியல் என்று எடுத்துக்கொண்டு திரிவதற்கு என்ன நியாயம்?

ரேடார் இல்லாமல் ஒற்றை ஆளாக ஹரிக்கேன் ஓட்டி, இரவில் பதினான்கு விமானங்களை வீழ்த்தியவன் ஒருவன் இருந்தான்: ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ். யுத்தத்துக்கு முன் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே இரவில் தபாலும் பத்திரிகையும் சுமந்து பறந்தவன். இருட்டு அவனுக்குத் தொழிலாகப் பழகியிருந்தது. 1941 டிசம்பரில் ஹாலந்தில் செத்தான், 32 வயதில். இவனுக்கும் ஒரு கதை கட்டினார்கள்: மனைவியும் குழந்தைகளும் குண்டுவீச்சில் மாண்டதால் பழிவாங்கப் பறந்தான் என்று. அப்படி நடக்கவில்லை, மனைவி அவனுக்குப் பின்னும் இருந்தாள். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணைக் கதைக்கு வேண்டுமென்று கொல்வதற்கு எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் கை கூசவில்லை. தொழில் தெரிந்தவன், பிடிவாதக்காரன், திறமையாகச் செய்தான், செத்தான் என்பது போதவில்லை. காரணம் வேண்டும்; அதுவும் ரத்தம் சொட்டும் காரணமாக வேண்டும்.

ஹிலரியின் புத்தகத்திலேயே இந்தக் குறை இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் குண்டு விழுந்த வீட்டின் இடிபாட்டிலிருந்து ஒரு பெண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள். அவள் இவனுடைய வெந்த முகத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறாள், செத்துப்போகிறாள். இவனுக்கு மானுடம் பற்றிய ஞானம் பிறக்கிறது. அவளுக்குப் பெயர் கிடையாது. அவள் சொன்னதும் நடந்ததுதானா, இட்டுக்கட்டியதா என்று சந்தேகப்பட்டவர்கள் பலர். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருத்தியின் சாவு இன்னொருவனின் ஞானத்துக்கு உபகரணமாகிற அந்த அமைப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. புத்தகத்தின் முற்பகுதி, ஆஸ்பத்திரிப் பகுதி, முதல்தரமானது. வலியை, சக நோயாளியின் மீது வருகிற எரிச்சலை, மறைக்காமல் எழுதியிருக்கிறான். அந்த நேர்மையைக் கடைசியில் கைவிட்டான். தொன்மம் பேசுகிறவர்கள் அவன் கைவிட்ட இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

எதிர்த் தரப்பைப் பாருங்கள். ஹைன்ரிஹ் ஸாய்ன்-விட்கென்ஷ்டைன் என்ற ஜெர்மன் இளவரசன், 83 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு, 1944 ஜனவரி 21 இரவு செத்தான். அந்த இரவு அவன் விமானத்துக்குள் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? விமானம் அடிபட்டதும் குதிக்கச் சொன்னான். ரேடியோவும் ரேடாரும் பார்த்த ஆஸ்ட்ஹைமர் பாராசூட்டில் இறங்கிப் பிழைத்தான், பிறகு சொன்னான். சாட்சி பிழைத்ததால் அந்த இரவு ஓரளவுக்கு இரவாகவே மிஞ்சியிருக்கிறது. சார்ட்டர்ஹாலில் சாட்சியும் செத்தான். அந்த வெற்றிடத்தில்தான் கோஸ்லரும் நம் நண்பர்களும் குடியேறியிருக்கிறார்கள். ஃபைசன் பிழைத்திருந்தால் ‘தேர்ந்தெடுத்த மரணம்’ என்ற சொற்றொடரை ஒருவரும் வாய்திறந்து சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். எஞ்சினைப் பற்றியும் பனியைப் பற்றியும் நெம்புகோலைப் பற்றியும் அவன் நாலு வார்த்தை சொல்லியிருப்பான்.

எண்ணிக்கை ஒரு தனி வியாதி. ஹெல்முட் லென்ட், 110 வெற்றி என்பார்கள். அவன் 1944 அக்டோபரில் பாடர்போர்னில் தரையிறங்கும்போது எஞ்சின் நின்று, மின்கம்பியில் மோதி, இரண்டு நாள் கழித்து செத்தான். உடன் இருந்த மூவரும் பிழைக்கவில்லை. எந்த எதிரியும் சுடவில்லை. 110 என்பது விமானங்களின் கணக்கு. உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர், ஏழு பேர். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பர்க்குக்குப் போன பிரிட்டிஷ் விமானங்களில் 95 திரும்பவில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியவை இரவுப் போர் விமானங்கள். அந்த விமானங்கள் சுமந்துபோனதும் பூச்செண்டு அல்ல என்பதை நான் மறக்கவில்லை. லென்ட் பெயரில் ஜெர்மன் ராணுவத்துக்கு ரோட்டன்பர்கில் ஒரு படைமுகாம் இருந்தது. நீண்ட சண்டைக்குப் பின் 2020இல் பெயரை மாற்றினார்கள். நாஜி அரசுக்காகப் பறந்தவன் பெயர் வேண்டாம் என்றார்கள் ஒரு சாரார். அவன் குடும்பமே பாதிரிமார் குடும்பம், நாஜி எதிர்ப்பு உள்ளது என்றார்கள் மற்றவர்கள். மாற்றியது சரி என்பேன். இரண்டு சாராரும் லென்டைப் பற்றியே பேசினார்கள். கூடச் செத்த மூவரில் யாருக்காகவும் ஒரு வாக்குவாதம்கூட நடக்கவில்லை.

‘போரில் வீழ்ந்தவர்’ என்று தனிப் பட்டியல் போடுகிற வழக்கத்தையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். ஹிலரியும் ஃபைசனும் அந்தப் பட்டியலில் சேரமாட்டார்கள், பயிற்சியில் செத்தவர்கள். இரவுப் பறப்பில் மூடுபனியும் மலைச்சரிவும் பழைய எஞ்சினும் கொன்றது கொஞ்சநஞ்சமல்ல. எதிரியின் குண்டு பட்டால் வீரம், மலையில் மோதினால் விபத்து என்று பிரிப்பது குமாஸ்தாவுக்கு வசதி. அந்தப் பிரிவினை உறுத்துகிறபோதுதான் எழுத்தாளன் பயிற்சிச் சாவைத் தூக்கி ‘தேர்ந்தெடுத்த மரண’மாக்குகிறான். விபத்தில் சாவது கேவலம் என்று குமாஸ்தாவைப் போலவே அவனும் நம்புகிறான் என்றுதானே அர்த்தம்?

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்பவர்கள் கல்கத்தாவை நினைத்துக்கொள்ளலாம். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அங்கே இரவில் குண்டுபோட ஆரம்பித்தன. ஜனங்கள் நகரத்தைவிட்டு ஓடினார்கள். ரேடார் வைத்த ப்யூஃபைட்டர்கள் மத்திய கிழக்கிலிருந்து டம்டமுக்கு வந்தன. 1943 ஜனவரி 15 இரவு பிரிங் என்ற சார்ஜென்ட் சில நிமிஷங்களுக்குள் மூன்று குண்டுவிமானங்களை வீழ்த்தினான். நகரம் அவனைக் கொண்டாடியது. அதே வருஷம் டிசம்பர் 5 அன்று, பட்டப்பகலில், துறைமுகத்தைத் தாக்க வந்தவர்களை எதிர்த்துப் போய் அவனும் செத்தான். அன்று கிதிர்ப்பூர் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான கூலிகள் செத்தார்கள். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் சோறில்லாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் இருபது முப்பது லட்சம் என்கிறார்கள். பிரிங் செய்தது சிறுமையல்ல. அவன் காத்த வானத்தின் கீழே தெருவில் கிடந்தவர்களைக் காக்க ஒரு கருவியும் வரவில்லை. அது அவன் குற்றமுமல்ல. அவனைப் பற்றி யாராவது தமிழில் எழுதினால் ஜனவரி 15 இரவோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பதுதான் என் பயம்.

வேறுமாதிரி நினைவுகூர முடியாதா? முடிந்திருக்கிறது. கன்னிங்ஹாமின் பின்னால் உட்கார்ந்திருந்த ரான்ஸ்லி, துப்பாக்கிக்காரனாக இருந்து ரேடார் கற்றவன், 1957இல் ராபர்ட் ரைட் என்பவரோடு சேர்ந்து ‘நைட் ஃபைட்டர்’ என்ற புத்தகத்தை எழுதினான். இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தத்துவம் இல்லை, தரிசனம் இல்லை. வேலை இருக்கிறது. கருவி கோளாறு செய்கிற இரவுகள், ஒன்றுமே அகப்படாமல் திரும்புகிற இரவுகள். கூட இருந்தவன் மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இல்லை என்பது ஒரு தகவலாக வருகிறது. அடுத்த வரியில் மறுபடி வேலை. நான் ஹிலரியைப் படித்து வியந்தேன். ரான்ஸ்லியைப் படித்தபின்தான் செத்தவர்கள் எத்தனை பேர் என்று உறைத்தது.

நண்பர் ஒருவர் என்னைத் திட்டுகிறார்: ‘உனக்குக் கலை வேண்டாம், ஜாபிதா வேண்டும்.’ ஆம், முதலில் ஜாபிதா வேண்டும். நம்மூர் நடுகற்களில் எடுத்தனூர்க் கல் என்று ஒன்று உண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனின் பக்கத்தில் அவன் நாய் நிற்கிறது; நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தில் வெட்டியிருக்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் கல்தச்சனுக்குத் தெரிந்த மரியாதை ஹொரைஸன் ஏட்டுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் கலை செய்யுங்கள், யார் வேண்டாமென்றார்கள்?

லண்டனுக்கு மேற்கே ரன்னிமீட் குன்றின்மேல் 1953இல் திறந்த ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. உடல் கிடைக்காத, கல்லறை இல்லாத விமானப்படையினர் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரெங்கும். பெயர்களை வருஷப்படி பிரித்து, அதற்குள் பதவிப்படி அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரே இரவில் ஒரே விமானத்தில் கடலுக்குள் போன இருவரில், அதிகாரியாக இருந்த விமானியின் பெயர் ஒரு பலகையில் இருக்கும். சார்ஜெண்டாக இருந்த ரேடார்காரன் பெயர் வேறொரு பலகையில் இருக்கும். ஒருவன் பெயரிலிருந்து மற்றவன் பெயருக்குப் போக வேண்டுமானால் பார்க்க வந்தவன்தான் எழுந்து நடக்க வேண்டும்.